முப்படைகளின் தலைவர் குடியரசுத் தலைவர் என்றால் உண்மையில் என்ன பொருள்?

திருத்தணி, அரக்கோணம், நகரி, புத்தூர் வட்டாரத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், விடிவதற்கு முன்பே பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். எழுத்துத் தேர்வுக்காக அவர்கள் படிக்கும் கைடுகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: முப்படைகளின் தலைவர் யார்? "குடியரசுத் தலைவர்" என்று யோசிக்காமல் டிக் அடிப்பார்கள், மதிப்பெண்ணும் விழுந்துவிடும். "அப்படின்னா அவர் இன்னாதான் பண்ணுவாரு?" என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டால்தான் பதில் தடுமாறும்.

எல்லையில் பதற்றம் என்று டிவியில் செய்தி ஓடும் நாட்களில் டீக்கடைப் பேச்சு இரண்டாகப் பிரியும். ஜனாதிபதி ஒரு கையெழுத்து போட்டால் படை கிளம்பிவிடும் என்பார் ஒருவர். அவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் பிரதமர்தான் என்பார் இன்னொருவர். இடையில் ஒருவர், "அதான் முப்படைத் தளபதின்னு ஒருத்தரைப் போட்டாங்களே, அவர்தான் எல்லாம்" என்பார். மூன்றுமே சரியில்லை. படையில் சேரப் போகிற பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்து உறுதிமொழி எடுக்கப் போகிறார்கள். யாருடைய கட்டளைக்குக் கட்டுப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டத்தில் இருப்பது ஒரே வரி

இந்திய அரசியலமைப்பின் 53ஆவது பிரிவில் இரண்டாம் உட்பிரிவு இதைச் சொல்கிறது. ஒன்றியத்தின் பாதுகாப்புப் படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும். அதை எப்படிச் செலுத்துவது என்பதைச் சட்டம் ஒழுங்குபடுத்தும். உச்சத் தலைமை என்றால், படைக்குள் யார் யாருக்குக் கட்டளையிட்டாலும் அந்த அதிகாரம் கடைசியில் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறதோ, அந்த இடம். பெரும்பாலோர் இந்த வரியின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். திருத்தணி மலைக்கோயிலுக்கு நிலம் இருக்கிறது. பட்டா யார் பெயரில்? சுவாமி பெயரில். சட்டத்தின் கண்ணில் அந்த முருகன்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் பெயரில் வழக்குப் போடலாம், அவர் மேலும் வழக்கு வரலாம். ஆனால் குத்தகைக்கு விடுவதும், வரவு செலவு பார்ப்பதும், ஆக்கிரமிப்பு வந்தால் நோட்டீஸ் அனுப்புவதும் அறங்காவலர்களும் செயல் அலுவலரும்தான். அவர்கள் செய்வதெல்லாம் சுவாமி பெயரில் நடக்கும், சொத்து மட்டும் அவர்களுடையது ஆகாது. கணக்கில் தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. சுவாமியை யாரும் தணிக்கைக்கு அழைப்பதில்லை.

படையின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருப்பது ஏறக்குறைய அப்படித்தான். ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை நிற்காது. சுவாமி பேசமாட்டார்; குடியரசுத் தலைவர் கேள்வி கேட்பார், கோப்பைத் திருப்பியும் அனுப்புவார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெயர் ஒருவருடையது, முடிவு ஒரு குழுவினுடையது

அரசியலமைப்பின் 74ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமரின் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்க வேண்டும். "ஆலோசனை" என்றதும், பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம் என்று தோன்றும். அப்படி அல்ல. 1976இல் வந்த 42ஆவது திருத்தம், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. அதற்கு முன்பும் நடைமுறை அதுதான், நீதிமன்றமும் அதையே சொல்லியிருந்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் ஒரு சின்ன வாசலைத் திறந்துவிட்டது. ஓர் ஆலோசனையை மறுபடி யோசிக்கும்படி அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். யோசித்துவிட்டு அமைச்சரவை அதையே மறுபடி அனுப்பினால் ஏற்றே ஆக வேண்டும்.

அமைச்சரவை யாருக்குப் பதில் சொல்கிறது? 75ஆவது பிரிவின்படி மக்களவைக்கு, அதுவும் கூட்டாக. மக்களவையை நாம் தேர்ந்தெடுக்கிறோம். நம் ஓட்டுக்கும் படையின் துப்பாக்கிக்கும் இடையே உள்ள கயிறு இந்த வழியாகத்தான் போகிறது. நாட்டின் பாதுகாப்புக்கான பொறுப்பு அமைச்சரவையுடையது. அரசு அலுவல்களை அமைச்சகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் 1961ஆம் ஆண்டு விதிகள் அந்த வேலையைப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கொடுக்கின்றன.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவு. தலைமை குடியரசுத் தலைவர் பெயரில். முடிவு அமைச்சரவையிடம். அமைச்சரவை மக்களவைக்குக் கட்டுப்பட்டது.

ராஜாளியிலிருந்து ஒரு விமானம் கிளம்பினால்

அரக்கோணத்தில் கடல் இல்லை, ஆனால் கடற்படையின் பெரிய விமானத் தளம் இருக்கிறது: ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச்சில் அதைப் படையில் இணைத்து வைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன். அதற்கு முன்பு பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர் அவர். அமைச்சராக இருந்தபோது முடிவெடுக்கும் நாற்காலியில் இருந்தார், குடியரசுத் தலைவரான பிறகு எல்லாம் யார் பெயரில் நடக்கிறதோ அந்த நாற்காலியில் இருந்தார். இந்த இரண்டு நாற்காலிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேசுகிறது.

ராஜாளியில் இப்போது நிற்பது பி-8ஐ என்னும் ரோந்து விமானம். கடலுக்கு மேல் வெகுதூரம் பறந்து கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடும். நம் தலைக்கு மேல் அது இரைச்சலோடு ஏறிப் போகும்போது, அதைக் கிளப்பிய கட்டளை யாருடையது?

விமானி தன் படைப்பிரிவின் அதிகாரிக்குக் கட்டுப்பட்டவர். தளம் விசாகப்பட்டினத்தில் உள்ள கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் கீழ் வருகிறது. அதன் தலைமை அதிகாரி டெல்லியில் உள்ள கடற்படைத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர். கடற்படைத் தளபதிக்கு மேலே சீருடை போட்ட யாருடைய கட்டளையும் கிடையாது. அங்கிருந்து கோடு சீருடை இல்லாதவர்களிடம் போகிறது: பாதுகாப்பு அமைச்சர், அவருக்கு மேல் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. பிரதமர் தலைமையில் பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் உட்காரும் சிறிய குழு அது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இதே அமைப்புதான். வட்டாரக் கட்டளையகங்களின் ஊர்கள்தான் வேறு. தென்பகுதி விமானப்படைக் கட்டளையகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, தரைப்படையின் தென்பகுதிக் கட்டளையகம் புனேயில்.

இதைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு ரோந்துக்கும் டெல்லியில் கூட்டம் போடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வழக்கமான ரோந்து, பயிற்சி, துருப்பு மாற்றம் எல்லாம் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட அனுமதிக்குள் கீழ்மட்டத்திலேயே நடக்கும். ஒரு கோட்டைத் தாண்ட வேண்டிய நேரத்தில்தான் விஷயம் மேலே போகும். கார்கில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1999 மே மாதம் மலை முகடுகளில் ஊடுருவியவர்களை விரட்ட விமானப்படையை இறக்கலாமா என்ற கேள்வி வந்தது. இறக்கலாம், ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தது பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. அந்த எல்லைக்குள் எந்த விமானம், எந்த மலைமுகடு, எந்த நேரம் என்பதெல்லாம் படை அதிகாரிகளின் வேலை. என்ன செய்யலாம், எதுவரை போகலாம் என்பதை அரசு சொல்லும். எப்படிச் செய்வது என்பதைப் படை பார்த்துக்கொள்ளும்.

அதே கார்கில் காலத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்து, மக்களவையும் கலைக்கப்பட்டிருந்தது. காபந்து அரசுதான் நடந்துகொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் கோட்டயம் மாவட்டம் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன். டீக்கடையில் சொல்வதுபோல் "அரசு இல்லாதப்போ ஜனாதிபதி கையில வந்துடும்" என்பது உண்மையானால், அது நடந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். நடக்கவில்லை. மக்களவை கலைக்கப்பட்டிருந்தாலும் அமைச்சரவை இருந்தே தீர வேண்டும், குடியரசுத் தலைவர் தனியாக ஆள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் முப்படைத் தளபதி யார்?

ஆங்கிலத்தில் சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப் (சி.டி.எஸ்.) என்கிற இந்தப் பதவி புதிது. 2019 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது; 2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் முதல் ஆளாகப் பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2022 செப்டம்பர் இறுதியில் ஜெனரல் அனில் சௌகான் அந்த இடத்துக்கு வந்தார்.

செய்தித்தாள்கள் இந்தப் பதவியையும் முப்படைகளின் தலைமை என்றே எழுதுவதால், குடியரசுத் தலைவருக்குப் போட்டியாக இன்னொருவர் வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. வேலை முற்றிலும் வேறு. மூன்று படைகளும் சேர்ந்து செய்ய வேண்டியவற்றில் பாதுகாப்பு அமைச்சருக்கு முதன்மை ராணுவ ஆலோசகர் அவர். மூன்று தளபதிகளும் அமரும் குழுவுக்கு நிரந்தரத் தலைவர். பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் ராணுவ விவகாரத் துறையின் செயலாளர். தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகளுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது என்று பதவியை உருவாக்கும்போதே அரசு தெளிவாக அறிவித்தது. மூன்று படைகளும் தனித்தனியாகத் திட்டம் போட்டு, தனித்தனியாக வாங்கி, தனித்தனியாகப் பயிற்சி எடுத்தது கார்கிலுக்குப் பிறகு பெரிய குறையாகப் பேசப்பட்டது. அதை இணைப்பதுதான் இந்தப் பதவியின் நோக்கம்.

ஒரே ஆளிடம் ஏன் கொடுக்கவில்லை?

ஒரு காலத்தில் கொடுத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் கமாண்டர்-இன்-சீஃப் என்ற பதவி இருந்தது. படையை நடத்துபவரும் அவரே, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து முடிவெடுப்பவரும் அவரே. 1905இல் இதைப் பற்றி ஒரு பெரிய சண்டை நடந்தது. படைத்தலைவர் கிச்சனர், ராணுவ விஷயத்தில் அரசுக்குத் தன்னைத் தவிர வேறு ஆலோசகரே இருக்கக் கூடாது என்றார். ஒரே ஆள் சொல்வதை மட்டும் கேட்டு எப்படி முடிவெடுப்பது என்று வைஸ்ராய் கர்சன் எதிர்த்தார். லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது, கர்சன் பதவி விலகினார். வங்கத்தைப் பிரித்த கர்சனைப் பாராட்ட எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்த ஒரு வாதத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

விடுதலையை ஒட்டி அந்த ஏற்பாடு படிப்படியாகக் கழன்றது. 1946 இடைக்கால அரசில் பாதுகாப்புப் பொறுப்பு பல்தேவ் சிங்குக்குப் போனது. 1947 ஆகஸ்டில் மூன்று படைகளுக்கும் தனித்தனித் தலைவர்கள் வந்தார்கள். 1949 ஜனவரி 15 அன்று கே.எம். கரியப்பா தரைப்படையின் முதல் இந்தியத் தலைவரானார்; அந்த நாளைத்தான் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். டெல்லியில் கமாண்டர்-இன்-சீஃப் குடியிருந்த பெரிய மாளிகை பிரதமர் நேருவின் வீடானது. இன்று தீன்மூர்த்தி பவன் என்கிறோமே, அதுதான்.

கடைசி முடிச்சு 1955இல் அவிழ்ந்தது. கமாண்டர்-இன்-சீஃப் என்ற பட்டத்தையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தரைப்படையின் தலைவருக்குப் பெயர் தரைப்படைத் தளபதி, அவ்வளவுதான். பெயர்ப்பலகை மாற்றம்போலத் தெரிந்தாலும் விஷயம் பெரியது. படையை நேரடியாகக் கையில் வைத்திருக்கும் எந்த ஒருவருக்கும் இனி நாட்டின் உச்சத் தலைமை கிடையாது; உச்சத் தலைமை உள்ளவரின் கையில் நேரடியாகப் படை கிடையாது. நம்மைச் சுற்றியுள்ள எத்தனையோ நாடுகளில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிரிவினை எவ்வளவு விலைமதிப்பற்றது என்று புரியும்.

தோற்றால் யார் பதில் சொன்னார்கள்?

அதிகாரம் உண்மையில் யாரிடம் இருந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி, தவறியபோது யார் பதவியை இழந்தார்கள் என்று பார்ப்பது.

1962இல் சீனாவோடு போர் மூண்டபோது குடியரசுத் தலைவர் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். ஊர் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தது. இரண்டே ஆண்டில் அந்த ஊர்க்காரர் முப்படைகளுக்கும் தலைவர். போரில் இந்தியா பெரும் தோல்வி கண்டது. பதவியை இழந்தது யார்? பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அக்டோபர் கடைசியில் அந்தத் துறையை இழந்தார், நவம்பர் 7 அன்று அமைச்சரவையை விட்டே வெளியேறினார். அதே மாதம் தரைப்படைத் தளபதி தாப்பரும் விலகினார். பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் கடுமையான கேள்விகளுக்குப் பதில் சொன்னார். குடியரசுத் தலைவர் விலக வேண்டும் என்று எதிர்ப்பு எழவில்லை, ஏனென்றால் முடிவுகள் அவருடையவை அல்ல. 1965இல் பாகிஸ்தானோடு போர் வந்தபோதும் உச்சத் தலைமை அவரிடமே இருந்தது. லாகூர் திசையில் சர்வதேச எல்லையைத் தாண்டும் முடிவை எடுத்தது லால் பகதூர் சாஸ்திரியின் அரசு. அதன் பெருமையும் சாஸ்திரிக்கே போனது.

அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே அதிபர்தான் பெயரளவிலும் நிஜத்திலும் படைத்தலைவர். 1951இல் கொரியப் போரின் நடுவே புகழ்பெற்ற தளபதி மெக்கார்தரை அதிபர் ட்ரூமன் ஒரே உத்தரவில் நீக்கினார். அவர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர் என்பதால் அது பொருந்துகிறது. நம் ஊரில் அந்த இடத்துக்குச் சமமானவர் அமைச்சரவையோடு சேர்ந்த பிரதமர். அமெரிக்க அதிபரின் அதிகாரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு நம் குடியரசுத் தலைவர் மேல் ஏற்றிப் பேசுவதால்தான் பாதித் தகராறு.

அப்படியானால் ரப்பர் ஸ்டாம்ப்தானா?

இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்பதற்காக வேலையே இல்லை என்று ஆகிவிடாது.

முதலில், அவருக்குத் தகவல் தெரிந்தாக வேண்டும். 78ஆவது பிரிவின்படி அமைச்சரவையின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் விவரங்களைக் கொடுப்பதும் பிரதமரின் கடமை. கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே முடிவெடுப்பவர்களைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். திருப்பி அனுப்பும் உரிமையும் இருக்கிறது.

இரண்டாவது, நெருக்கடி நிலை. போரை அறிவிப்பதற்கென்று நம் அரசியலமைப்பில் தனி வழிமுறை இல்லை. போர் அல்லது வெளித்தாக்குதல் காரணமாக நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்ய 352ஆவது பிரிவு இருக்கிறது. 1962 அக்டோபர் 26 அன்றும், 1971 டிசம்பர் 3 அன்றும் அது பயன்பட்டது. 1975இல் உள்நாட்டுக் குழப்பம் என்று காரணம் காட்டி, அமைச்சரவை கூடும் முன்பே பிரதமரின் சொல்லை மட்டும் வைத்து நள்ளிரவுக்குச் சற்று முன்னால் கையெழுத்து வாங்கினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம் என்று 44ஆவது திருத்தம் கட்டாயமாக்கியது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஒரு தாளில் எழுதித் தா என்று கேட்கும் இடத்தில் குடியரசுத் தலைவர் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

மூன்றாவதை வேலூர், அரக்கோணம் பக்கத்து மிலிட்டரிக்காரர் வீடுகளில் நேரிலேயே பார்க்கலாம். சுபேதாராக ஓய்வு பெற்றவர் வீட்டு நடுக்கூடத்தில், பதக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அவரை அந்தப் பதவியில் அமர்த்தும் ஆணை அது. அது குடியரசுத் தலைவரின் பெயரில் கொடுக்கப்பட்டிருக்கும். அன்றைக்கு எந்தக் கட்சி ஆண்டது, யார் பாதுகாப்பு அமைச்சர் என்பதற்கான அடையாளம் அதில் இருக்காது.

பயிற்சி முடிந்து கொடி முன்னால் சிப்பாய்கள் எடுக்கும் உறுதிமொழியிலும் அதே ஒழுங்கு இருக்கிறது. முதலில் சட்டப்படி அமைந்த இந்திய அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்கிறார்கள். தரை, கடல், வான் என எவ்வழியில் எங்கே அனுப்பினாலும் போவேன் என்கிறார்கள். அதன் பிறகுதான், குடியரசுத் தலைவரின் கட்டளைகளுக்கும் தனக்கு மேலே உள்ள அதிகாரியின் கட்டளைகளுக்கும் உயிருக்கு ஆபத்து வந்தாலும் கீழ்ப்படிவேன் என்று வருகிறது. பிரதமர் என்ற சொல் அந்த உறுதிமொழியில் இல்லை. தேர்தலில் அரசு மாறி, புதிய பிரதமரும் புதிய பாதுகாப்பு அமைச்சரும் மறுநாள் காலை புதிய முடிவுகள் எடுக்கத் தொடங்கலாம். அதற்காகப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினரில் ஒருவர்கூட இன்னொரு முறை உறுதிமொழி எடுக்க வேண்டியதில்லை.